கரை திரும்பாத தளபதி

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1748இல் பிறந்த கத்பர்ட் காலிங்வுட், 12 வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1805 அக்டோபர் 21 அன்று நடந்த டிரஃபால்கர் போரில், பிரான்சு, ஸ்பெயின் கூட்டுப்படையின் கப்பல் வரிசையை முதலில் ஊடறுத்தது அவருடைய ‘ராயல் சாவரின்’ கப்பலே. தலைமைத் தளபதி நெல்சன் அப்போரில் உயிர்துறக்க, படைத்தலைமை காலிங்வுட்டிடம் வந்தது.

ஊரிலிருந்த நாள்களில், நடக்கும் வழியெல்லாம் ஓக் மர விதைகளை ஊன்றிச் செல்வது அவர் வழக்கம். வருங்காலக் கப்பல்களுக்கு மரம் வேண்டுமல்லவா? அத்தகைய நாள்கள் அவருக்கு மிகச் சிலவே வாய்த்தன. 1803இல் கடலுக்குச் சென்றவர், மனைவியையும் இரு மகள்களையும் பின்னர்க் காணவேயில்லை. மத்தியதரைக் கடற்படையை நடத்தியபோது உடல் நலிந்து ஓய்வு வேண்டினார். ஈடான ஒருவரைக் காணாத கடற்படைத் தலைமையகம் விடைகொடுக்கத் தயங்கியது. இறுதியில் தாயகம் நோக்கி மினார்க்கா தீவிலிருந்து புறப்பட்ட மறுநாள், 1810 மார்ச் 7 அன்று, கப்பலிலேயே காலமானார்.