கண்ணில் மணல் கொட்டும் ராத்திரி ஒரு மணி

இந்த எபிசோடுல வெல்டிங் பட்டறைக்குப் போறோம். அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி பக்கம் போயிருந்தீங்கன்னா இந்தக் காட்சி பழக்கமா இருக்கும். ரோட்டோரம் சீமைக் கருவேலம், நடுவுல ஒரு தகரக் கொட்டகை, வாசல்ல பாதி முடிஞ்ச கிரில் கேட், உள்ளே பளீர்னு ஒரு நீல வெளிச்சம். ஓனர் ஒருத்தர், வேலை பழகுற பசங்க ரெண்டு பேர். கம்பெனியே அவ்வளவுதான்.

அந்த வெளிச்சத்தோட புற ஊதாக் கதிரும் சேர்ந்து வருது. வெயில் தோலைச் சுடுற மாதிரி, அது கருவிழியோட மேல் அடுக்கைச் சுடும். ஆனா சுடும்போது வலிக்காது. செத்துப்போன செல்கள் உதிர்ந்து, அடியில இருக்கிற நரம்பு நுனிகள் வெளியே தெரிய ஆறுல இருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். சாயங்காலம் பட்டது, ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி விடும். கண்ணுக்குள்ள மணலை அள்ளிக் கொட்டின மாதிரி உறுத்தல், நிக்காத கண்ணீர், லைட்டைப் பார்க்கவே முடியாது. பட்டறைப் பேச்சுல, ‘ஆர்க் அடிச்சிருச்சு’.

நம்ம வேலையில, காலையில ஏத்தின கோடு நடுராத்திரி சர்வரைக் கவுத்தா, எந்த வரி காரணம்னு தேடியே விடிஞ்சிடும். பகல் முழுக்க நூறு டேக் வெச்சவருக்கு, எந்த டேக் கண்ணைச் சுட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா ஆறியும் போயிடுது. மறுபடி அதே வேலை.

அந்த ராத்திரியில என்ன பண்றாங்கங்கிறதுதான் எனக்குப் பெரிய பயம். தாய்ப்பால் விடுவாங்க. இல்லைன்னா மெடிக்கல்ல ஏதோ ஒரு சொட்டு மருந்து. மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டா கருவிழி ஆறவே ஆறாது. கிரைண்டிங் பொறி கீறின கண்ணுல பூஞ்சை ஏறியிருந்தா, ஸ்டீராய்டு சொட்டு அதை வளர்த்து விடும். மதுரை மாவட்டத்துல வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர்ல 113 பேருக்குக் கருவிழிப் புண் வருதுன்னு 1996-ல ஓர் ஆய்வு வந்துச்சு. நம்ம பக்கத்து மாவட்டம். அதனால ரெண்டு நாள் தாண்டியும் வலிச்சாலோ, கருவிழியில வெள்ளையா தெரிஞ்சாலோ நேரா கண் டாக்டர்கிட்ட போயிடணும்.

சரி, கண்ணாடி இருக்கே, ஏன் பிடிக்க மாட்டேங்கிறாங்க? கைகளை எண்ணிப் பாருங்க. ஒரு கையில ஹோல்டர். இன்னொரு கையில கைக்கண்ணாடி. அப்போ கம்பியை நேரா யார் பிடிக்கிறது? அதோட, ஆர்க் பத்துறதுக்கு முன்னாடி அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியா ஒண்ணுமே தெரியாது. ராடை எங்க வைக்கிறது? அதனால டேக் வைக்கும்போது கண்ணாடியைக் கீழே போட்டுட்டு, கண்ணை இறுக்கி, முகத்தைத் திருப்பி, ஒரு தட்டு. இதைச் சோம்பேறித்தனம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. டிசைன் கோளாறு.

சட்டம் இல்லாம இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 35-ஆவது பிரிவு கண் பாதுகாப்புக்குன்னே இருந்துச்சு. ஆனா அந்தச் சட்டத்துல, மின்சாரம் வெச்சு வேலை செய்யுற இடத்துல 10 பேராவது இருந்தாத்தான் அது தொழிற்சாலையா இருந்துச்சு. 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்புல அந்த 10, 20 ஆயிடுச்சு. மூணு பேர் கொட்டகைக்கு எட்டாத உயரம்.

கோளாறைச் சரி செய்யுற சாமான் சந்தையில இருக்கு: தானா கறுக்கிற ஹெல்மெட். கால்குலேட்டர் திரையில இருக்கிற அதே திரவப் படிகம்தான். சென்சார் ஆர்க்கைப் பார்த்ததும், நொடியில பல ஆயிரத்துல ஒரு பங்குக்குள்ள கறுத்துடும். தலையில மாட்டுறதால ரெண்டு கையும் ஃப்ரீ, ராடு வைக்கிற இடமும் தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், புற ஊதாவை நிறுத்துற வடிகட்டி தனி. தரமான ஹெல்மெட்டா இருந்தா, அது கறுக்காத நேரத்துலயும் வேலை செய்யும். சாதா ராடு வேலைக்கு 10 அல்லது 11-ஆம் நம்பர் கறுப்பு வைக்கணும். கூலிங் கிளாஸ் பக்கத்துலகூட வராது. ஆன்லைன்ல ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாயில இருந்து கிடைக்குது.

வீட்டுக்குக் கிரில் கேட் போடுறவங்க பில்லோட அந்தக் காசையும் சேர்த்துக் கொடுக்கலாம். வாங்கினா ரெண்டா வாங்கச் சொல்லுங்க. எதிர்ப்பக்கம் கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கிற பையன் கையில இப்போ அந்தக் கைக்கண்ணாடிகூட இல்லை.