‘எல்லாம் நார்மல்தாம்மா!’ – அப்புறம் ஏன் வலிக்குது?

அந்த மஞ்சப்பை எப்படியும் ஒரு கிலோ தேறும். உள்ளே ஈசிஜி தாள்கள், எண்டோஸ்கோப்பி எடுத்த கலர் படம், தைராய்டு ரிப்போர்ட், மூளை ஸ்கேன் ஃபிலிம். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஈசிஜியில் கோடு மங்கி, வெறும் தாள்தான் மிச்சம். நெஞ்சுவலி மட்டும் மங்கவே இல்லை.

பைக்குச் சொந்தக்காரரை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் எந்த பஸ்ஸிலும் பார்க்கலாம். அவர் ஒரே ஆள் அல்ல. பலரின் கதைகளைக் கோத்தால் தெரியும் முகம். தெருமுனை கிளினிக்கில் ‘கேஸ்’ என்றார்கள். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, வரதராஜபுரம், தண்டலம் என்று மெடிக்கல் காலேஜ்களுக்குப் பஞ்சமில்லை. அங்கேயும் போய் வந்தாயிற்று. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் வேப்பிலையும் அடித்தாயிற்று. எந்த டாக்டரிடம் போனாலும் கடைசியில் ஒரே வாக்கியம்தான்: “எல்லாம் நார்மல்தாம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

நல்ல செய்திதானே? வீட்டுக்கு வருவதற்குள் அது கெட்ட செய்தியாகிவிடும். “டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. வேலைக்குப் போக சோம்பேறித்தனம்” என்பார் மாமியார். ‘அப்போ நான் நடிக்கிறேனா?’ என்று இவர் அழுவார். அடுத்த வாரம் வேறு ஆஸ்பத்திரி, வேறு ஸ்கேன்.

இல்லாத கைக்கும் வலி உண்டு

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் வலியும் இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும். நம்மூர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரனின் ஆய்வுகள் அந்த எண்ணத்தை உடைக்கின்றன. கை துண்டிக்கப்பட்ட பலருக்கு, இல்லாத அந்தக் கையில் வலி இருக்கும். சிலருக்கு விரல்கள் இறுக மடங்கி உள்ளங்கையில் நகம் பதிவதுபோல நோகும். 1990-களில் அவர் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கை போலக் காட்டினார். ‘இரண்டு கையையும் விரியுங்கள்’ என்றதும் சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது.

கையே இல்லாத இடத்தில் வலி இருக்க முடியுமென்றால், ரிப்போர்ட் நார்மலாக இருக்கும் நெஞ்சில் ஏன் இருக்கக் கூடாது? உடம்பிலிருந்து வரும் தகவல்களில் எதைப் பெரிதாக்குவது, எதை அடக்குவது என்று தீர்மானிப்பது மூளை. இடி இடித்தாலும் எழாத தாய், குழந்தை லேசாகச் சிணுங்கினால் எழுந்துவிடுவாள். ஒருமுறை பயம் பிடித்துவிட்டால் நம் மூளையும் நெஞ்சையோ வயிற்றையோ அப்படித்தான் இரவு பகலாகக் காது கொடுத்துக் கேட்கும். சாதாரணத் துடிப்புகூட அதற்கு அபாயச் சங்கு. தூக்கம் கெட்டால், நைட் ஷிஃப்ட் தொடர்ந்தால், கடன்காரர் வாசலில் நின்றால் சத்தம் இன்னும் கூடும்.

தமிழுக்கு இது புதிதல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ‘பெத்த வயிறு எரியுது’ என்கிறாள். பயந்தவனுக்கு ஈரக்குலை நடுங்குகிறது. மனசையும் உடம்பையும் நம் பேச்சு தனித்தனியாக வைத்ததில்லை. ஆஸ்பத்திரி டோக்கன்தான் தனித்தனி.

மருத்துவமும் மெல்ல மாறி வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு, இத்தகைய உபாதைகளுக்கு வைத்திருந்த ஒரு பழைய நிபந்தனையை 2013-ல் கைவிட்டது. ‘காரணம் தெரியாத வலி’ என்பது இனி அளவுகோல் அல்ல. அந்த வலி ஒருவரின் நினைப்பையும் நாளையும் எவ்வளவு விழுங்குகிறது என்பதே அளவுகோல்.

குதிகால் சொல்லும் சேதி

வலி மட்டுமல்ல, திடீரென்று ஒரு கால் விழுந்துவிட்டது என்று வருபவர்களும் உண்டு. ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. டாக்டர் அவரைப் படுக்கவைத்து, வராத காலின் குதிகாலுக்கு அடியில் கையை வைப்பார். “என் கையைக் கீழே அழுத்துங்க.” பலம் இருக்காது. “சரி, இப்போ இன்னொரு காலை மேல தூக்குங்க.” தூக்கும்போது, வராத காலின் குதிகால் டாக்டரின் கையைத் தானாகவே அழுத்தும்!

1908-ல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க டாக்டர் விவரித்த சோதனை இது. ‘பார்த்தாயா, நடிக்கிறாய்’ என்று மடக்குவதற்கு இதைப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. இப்போது நல்ல நரம்பியல் டாக்டர்கள் இதை நோயாளிக்கே காட்டுகிறார்கள்: “நரம்பு அறுந்துபோகல. வழி திறந்துதான் இருக்கு. மூளை அந்த வழியை மறந்திருக்கு, பழக்கிடலாம்.” பிசியோதெரபி அங்கிருந்து தொடங்குகிறது.

அரை மணி நேர வைத்தியம்

ரிப்போர்ட்டில் சிக்காத இந்த உபாதைகளுக்கு மருந்து என்ன? பக்கத்து இலங்கையில் டாக்டர் அதுல சுமதிபால இந்தக் கேள்வியோடு ஆய்வுகள் செய்தார். 2008-ல் வெளிவந்த ஆய்வில், காரணம் தெரியாத உபாதைகளோடு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்த 150 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு, முறையாக நேரம் ஒதுக்கி, கேட்டுக் கவனிக்கும் பராமரிப்பு மட்டும். இரண்டையும் செய்தவர்கள் சாதாரணப் பொது மருத்துவர்கள். ஒவ்வொரு சந்திப்பும் அரை மணி நேரம்.

மூன்று மாதத்தில் இரண்டு குழுவும் தேறின. ஒரு வருஷம் வரை அந்த முன்னேற்றம் நீடித்தது. உளவியல் சிகிச்சை தனியாக முந்தவில்லை. எதுவுமே செய்யாத மூன்றாவது குழு இல்லாததால், குணமாக்கியது இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், பொறுமையாகக் கேட்கும் சாதாரண டாக்டர் இளப்பமில்லை என்று தெரிகிறது. நம் ஓ.பி.யில் கிடைக்காதது அந்த அரை மணி நேரம்தான்.

மாத்திரையும் உதவும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள், குறைந்த அளவில், வலியின் சத்தத்தைத் தணிக்கும். ஆனால் அதை விளக்கிச் சொல்லாமல் எழுதிக் கொடுத்தால், மெடிக்கல் ஷாப்பில் யாராவது “இது டென்ஷன் மாத்திரை” என்பார். ‘என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டாங்க’ என்று அட்டையோடு குப்பைக்குப் போகும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அசதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ, ரத்தம் போனாலோ, நடந்தால் நெஞ்சு அடைத்தாலோ பரிசோதனை கட்டாயம். அடிப்படைச் சோதனைகளை ஒருமுறை ஒழுங்காக முடித்துவிட்டு, டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒருவரிடமே குறித்த நாளில் போவது நல்லது. நடையைத் தினம் கொஞ்சம் கூட்டலாம். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416 இருக்கிறது, கட்டணம் கிடையாது.

மஞ்சப்பைக்காரருக்கும் ஒருநாள் அப்படியொரு டாக்டர் வாய்க்கலாம். “ஃபைல் அப்புறம் பார்க்கலாம். முதமுதலா எப்போ வலிச்சுது? அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று அவர் கேட்கலாம். லைனில் பக்கத்து மெஷினில் நின்றவள், டீ டைமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததை இவர் அப்போதுதான் வாய்விட்டுச் சொல்வார். பையில் அத்தனை தேதிகள் இருக்கின்றன. அந்தத் தேதி மட்டும் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.