மலை இறக்கமும் பந்தய வீரரின் உரிமையும்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கல்லாற்றிலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏறுங்கால் சைக்கிள் வீரருடைய மூச்சையும் கால் வலுவையும் மட்டுமே சோதிக்கும் அப்பாதை, இறங்குங்கால் அவருடைய பிராணனையே பணயமாகக் கேட்கிறது. இடைவிடாது பிடித்த பிரேக் சூடேறுவதும், மழை ஈரத்தில் சக்கரம் வழுக்குவதும், வளைவைத் திரும்பிய கணத்தில் பாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு சுற்றுலாப் பஸ் ஒன்று எதிர்ப்படுவதும், எத்தகைய திறமைசாலிக்கும் கட்டுப்படாத அபாயங்கள். ஆகவே இறக்கத்தில் பந்தயம் வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டியவர் பந்தயத்தை நடத்துபவரே; அதன் பொறுப்பும் அவரையே சாரும்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ என்னும் நெடும் சைக்கிள் பயணத்தில், மசினகுடிப் பக்கமிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையை நேரம் கணக்கிடும் போட்டிப் பகுதியாக வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தை ஏற்றத்தோடு நிறுத்திவிட்டால், இறக்கத்தில் சில விநாடிகளுக்காக உயிரைப் பணயம் வைக்கும் அவசியம் எவருக்கும் எழாது. மலைப்பந்தயங்கள் அனைத்துக்கும் இதனை விதியாக்க வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

ஐரோப்பாவில் இப்பாடங்களை உயிர்களைக் கொடுத்தே கற்றார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் தலைக்கவசமின்றி விழுந்து கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் மாண்ட பிறகே, சர்வதேச சைக்கிள் சங்கம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 2024 செப்டம்பரில் சூரிச் உலகப் போட்டியில், 18 வயதே ஆன மூரியல் ஃபூரர் மரங்களடர்ந்த பகுதியில் விழுந்து, நெடுநேரம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, மறுநாள் உயிர் நீத்தார். அப்பெண்ணை நினைக்கும்போதெல்லாம் பர்லியார்க் காடுதான் என் கண்முன் நிற்கிறது. பள்ளத்தில் சரிந்தவரைச் சாலையிலிருந்து காண இயலாத அவ்விடத்தில், வீரர் ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் காட்டும் கருவியும், வளைவுதோறும் கொடியேந்திய ஒரு தொண்டரும், புறப்பட்டவர்கள் எத்தனை, வந்து சேர்ந்தவர்கள் எத்தனை என்ற கணக்கும், பின்தொடரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் பந்தயம் நடத்துவது குற்றத்துக்கு ஒப்பானது.

மோட்டார் வாகனம் மோதினால் சட்டத்தில் பரிகாரங்கள் உண்டு. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி நஷ்ட ஈடு கோரி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனுச் செய்யலாம். மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் மறைந்துவிட்டாலும், மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ப்பவரை 134-ஏ பிரிவு பாதுகாக்கிறது. ஆனால் மோட்டார் வாகனத்தின் சம்பந்தமே இல்லாமல் வீரர் தாமாக விழுந்தாலோ, சக வீரருடன் மோதினாலோ இச்சட்டம் கைகொடுக்காது. பந்தயத்தில் பெரும்பாலும் நேர்வதோ இத்தகைய விபத்துகளே. ஆகையால் பெயர் கொடுக்கும்போதே அமைப்பாளரிடம் விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, தொகை எவ்வளவு, பந்தயத்துக்கு விலக்கு ஏதேனும் உண்டா என்று படித்துப் பார்ப்பது அவசியம்.

‘எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையொப்பமிட்டதனால், மோதிய லாரிக்காரர் மீதுள்ள உரிமை இம்மியும் குறையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு பாதுகாப்பில் குறை வைத்த அமைப்பாளர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடவும் வழி உண்டு. அதற்குக் கட்டண ரசீது, கையொப்பமிட்ட படிவத்தின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும்.