இமாலயத் தவறு

"பசங்க சொதப்பிட்டாங்க மாமா" என்றான் அக்கா மகன். பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராகி மூன்று மாதம். அளவு ஸ்டிக்கர் மாறி, நாற்பது பெட்டி திரும்பி வந்துவிட்டதாம். டீயைத் தொடவே இல்லை.

'இமாலயத் தவறு' என்கிறோமே, அது காந்தி தன்னைப் பற்றியே சொன்ன சொல்லிலிருந்து வந்தது, தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

1919 மார்ச். ஆங்கிலேய அரசின் ரௌலட் சட்டத்தை எதிர்க்க வழி தேடிய காந்தி, சென்னையில் ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தார். விடியற்காலை அரைத் தூக்கத்தில் யோசனை வந்தது: ஒருநாள் நாடே கடையடைத்து நோன்பிருக்கட்டும். ஏப்ரல் 6 அன்று அப்படியே நடந்தது. சில நாளில் அவரைப் போலீஸ் பிடித்த செய்தி பரவ, அகமதாபாத்தில் கட்டடங்கள் எரிந்தன. நடியாத் அருகே தண்டவாளத்தைப் பெயர்க்கப் பார்த்தார்கள். காந்தி மூன்று நாள் உண்ணாமல் இருந்தார். ஏப்ரல் 18-ல் சத்தியாக்கிரகத்தை நிறுத்தினார்.

ஜனங்கள் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் கை கழுவியிருக்கலாம். நடியாத் கூட்டத்தில் அவர் சொன்னது வேறு. சட்டத்துக்கு மனமொப்பிக் கட்டுப்பட்டுப் பழகியவருக்கே அதை மீறும் தகுதி வரும். அந்தப் பழக்கம் வருமுன் இவர்களை நான்தான் களத்தில் இறக்கினேன், இமயமலை அளவுக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்றார்.

"அதோட சரியாயிடுச்சா?"

எங்கே! 1922-ல் சௌரி சௌராவில் காவல் நிலையமே காவலர்களோடு எரிந்தது. மறுபடியும் போராட்டத்தை நிறுத்தினார்.

1930-ல் உப்பெடுக்கக் கிளம்பியபோது, சபர்மதி ஆசிரமத்திலிருந்து கூட்டிப்போனது கட்டுப்பாட்டில் பழகிய 78 பேரை மட்டும்தான். பிரார்த்தனை, ராட்டை, நாட்குறிப்பு மூன்றும் தினம் தவறக் கூடாது. 24 நாளில் சுமார் 240 மைல் நடந்தார்கள். தண்டியில் அவர் உப்பெடுத்த பிறகே மற்றவர்கள் உப்புச் சட்டத்தை மீறலாம் என்பது ஏற்பாடு. உப்பெடுத்த தேதியும் ஏப்ரல் 6.

"பசங்க சொதப்பினாங்கன்னா அவங்களைத் திட்டலாம், அவ்வளவுதான். நான் பழக்கலைன்னு சொல்லிப் பாரு. நாளைக்குக் காலையில செய்ய ஒரு வேலை இருக்கும்."

ஆடை கட்டிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். கண்ணாடித் தம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டே சொன்னான்:

"எம்முக்கும் எல்லுக்கும் ஸ்டிக்கர் கலர் வேறன்னு புதுப் பசங்களுக்கு நான் சொல்லவே இல்லை மாமா."