பேனாப் புராணம் – 14: பாலில் கடைந்த பேனா

ராஜமுந்திரி ரத்னம் கடைந்து முடித்த பேனா, தஞ்சாவூரில் பிறந்தவரான ஜே.சி. குமரப்பாவின் மூலம் காந்தியடிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும், 1935 ஜூலையில் வார்தாவிலிருந்து நன்றிக் கடிதம் வந்ததும் சென்ற வாரத்துச் சங்கதிகள். மறந்துபோனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ள வேண்டியது. இந்த வாரம் பேனாவுக்கு மெருகேற்றும் சாஸ்திரத்தை விஸ்தாரமாகச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அந்த வாக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் உப்புத்தாள்களைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்த இடத்தில் வேறொரு விஷயம் வந்து சிக்கிக்கொண்டு, நாலு நாளாக என்னைத் தூங்கவிடாமல் அடித்துவிட்டபடியால், ஆசிரியர் கெடு வைத்திருக்கும் இன்று மாலைக்குள் அதைச் சொல்லி இறக்கி வைத்தாலொழிய மெருகைப் பற்றி எனக்கு ஒரு வரியும் ஓடாது.

விஷயம் இதுதான்: பாலிலிருந்து பேனா செய்திருக்கிறார்கள். பாலென்றால், நாம் காபியில் விட்டுக்கொள்ளும் சாக்ஷாத் பசும்பால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் அச்சுத் தொழில் செய்துவந்த வில்ஹெல்ம் கிரிஷே என்பவரிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதி எழுதிக் கழுவிக்கொள்ளத் தக்க வெள்ளைப் பலகை ஒன்று செய்து தரவேண்டும் என்று கேட்டார்களாம். பாலைத் திரித்தால் கட்டியாகச் சேரும் சத்து இருக்கிறதே, கேசின் என்று ரசாயன சாஸ்திரிகள் சொல்வது, அதை அவர் அட்டையின்மேல் பூசிப் பார்த்தார். பூச்சு காய்ந்ததும் பளபளவென்றுதான் இருந்தது. தண்ணீர் பட்டதும் ஊறிப்போயிற்று. அப்புறம் பவேரியாவைச் சேர்ந்த அடால்ஃப் ஸ்பிட்டெலர் என்ற ரசாயனரும் கூட வந்து சேர்ந்து, கேசினைப் பார்மலினில் ஊறப்போட்டால் அது கொம்பைப் போல் இறுகிவிடுகிறது என்று கண்டு, 1897-ல் காப்புரிமை வாங்கினார்கள். ஸ்பிட்டெலர் வீட்டுப் பூனை ஒரு ராத்திரி பார்மலின் புட்டியைத் தன் பால் கிண்ணத்தில் தட்டிவிட்டது என்றும், விடிந்து பார்த்தால் பால் கல்லாகிக் கிடந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதையை நான் நம்பவில்லை. ஆனால் பூனையைத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. வெள்ளைப் பலகையைத் தேடிப் போனவர்களுக்குப் பொத்தானும், சீப்பும், குடைப்பிடியும், பியானோக் கட்டையுமாக ஒரு பெரிய வியாபாரமே கைகூடிவிட்டது. 1913-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் மட்டும் இந்தக் காரியத்துக்கென்று 3 கோடி லிட்டர் பால் செலவாயிற்று என்றால், எத்தனை பசுக்கள் எத்தனை சட்டைகளை மாட்டிவிட்டன என்று யோசிக்க யோசிக்க எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

இதை டில்லி மயூர் விஹாரில் உட்கார்ந்து வாசிப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. 1974-ல் ஏற்பட்ட மதர் டெய்ரியின் பட்பட்கஞ்ச் பால் பண்ணை நமக்குப் பக்கத்துப் பேட்டை. டோக்கனைப் போட்டுத் தூக்குப் பாத்திரத்தில் பால் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் ஜனங்களை நான் தினமும் பார்க்கிறேன். பாலில் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கேசின் இருப்பதாகக் கொண்டு, பேனாவுக்கும் மூடிக்குமாகக் கடைவதற்குப் போதிய கனமான ஒரு கோலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு லிட்டருக்குச் சற்று மேலே ஆகிறது. அதிலும் பாதிக்கு மேல் கடைசல் சுருளாகத் தரையில் விழுந்துவிடும். மாடி வீட்டு மாமியிடம் இந்தக் கணக்கை உற்சாகமாகச் சொன்னேன்.

“ஏன் மாமா, பால் விற்கிற விலையில் பன்னீரைக் கடைந்து பேனா பண்ணுவாளா யாராவது?” என்றாள்.

“வெண்ணெய் எடுத்த பால்தான், மாமி. நெய் வீட்டிலேயே இருக்கும்” என்று சமாதானம் சொன்னேன். நெய் இருக்கும் என்றதும் மாமிக்கு என் பேனாவின்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது போலத்தான் இருந்தது.

செய்யும் முறையோ, நம் பொறுமையைச் சோதிப்பது. வினிகர் விட்டுத் திரித்த பால் இதற்கு உத்தமமல்ல. பாலாடைக்கட்டிக்கு உறை குத்துகிற ரென்னெட்டைக் கொண்டு திரித்து, கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்து, தண்ணீரும் வர்ணமும் சேர்த்துப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிவது போல இயந்திரத்தில் பிழிந்து கோலாக எடுக்க வேண்டும். அப்புறம் பார்மலின் தொட்டி. மெல்லிய தகடானால் சில வாரங்களில் பதமாகிவிடும். ஒரு அங்குலக் கனமானாலோ ஒரு வருஷம் வரைக்கும் கூட ஊறவேண்டும் என்கிறார்கள். ஊறி எடுத்த கோல் உலரும்போது கோணிக்கொள்ளும். அதை நிமிர்த்தியல்லவா கடைசல் பட்டறைக்கு அனுப்பவேண்டும்! இத்தனை உபத்திரவத்தையும் பொறுத்துக்கொண்டார்கள் என்றால் அதற்குக் காரணம் வர்ணம். ரப்பர்ப் பேனாக்களில் கறுப்பும் செம்மண் நிறமுமாகச் சலித்துப்போயிருந்த கண்ணுக்கு, பச்சையும் நீலமும் மேகம் போல் கலந்தோடும் இந்தப் பால் கோல்கள் பெரிய விருந்தாயிருந்திருக்க வேண்டும். 1905-ல் லண்டனில் ஏற்பட்ட கான்வே ஸ்டுவர்ட் கம்பெனியார் இரண்டு யுத்தங்களுக்கும் நடுவில் கேசின் பேனாக்களைத் தாராளமாக வெளியிட்டார்கள். இன்றும் அவற்றைத் தேடி அலையும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால், பேனா கடையும் ராஜமுந்திரிக்கும் திருவள்ளூருக்கும் இந்த வஸ்து ஏன் ஒத்துவராது? பதில் பேனாவின் வயிற்றுக்குள் இருக்கிறது. கான்வே ஸ்டுவர்ட் பேனாவில் மை ஒரு ரப்பர்ப் பைக்குள் அடங்கியிருந்தது. கட்டையை அது தீண்டுவதே இல்லை. நம் ஊர்ப் பேனாவோ, மரையைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் கட்டைக்குள்ளேயே மையை நேராக ஊற்றிக்கொள்வது. பால் கட்டையில் அப்படி ஊற்றிவைத்தால், அது மையைக் குடித்து, உப்பி, மரை பிடித்துக்கொண்டு, கடைசியில் வெடித்தும் போகும். பேனாவுக்கு வஸ்துவைத் தேர்ந்தெடுப்பது கண்ணல்ல, மை குடியிருக்கும் இடந்தான் என்பது என் சித்தாந்தம். சந்தனத்திலும் ஈட்டியிலும் மூங்கிலிலும் பேனா கடைகிறவர்கள் உள்ளே எபொனைட் என்னும் கெட்டி ரப்பர்க் குழலைச் செருகி விடுவதும் இதனாலேதான். வெளியே எத்தனை வேஷம் போட்டாலும் மைக்குப் பக்கத்தில் எபொனைட்டே நிற்கும். ரப்பரோடு அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கந்தகம் சேர்த்து மணிக்கணக்காக வேகவைத்து எடுக்கும் இந்தக் கட்டை, அந்தக் காலத்தில் பாட்டரிப் பெட்டிகளாகி அமிலத்தையே வயிற்றில் சுமந்தது. மை அதற்கு எம்மாத்திரம்? அதைக் கடையும்போது வரும் கந்தக நெடி சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

இப்போதாவது மெருகுக்கு வருகிறேன். கேசினுக்கு மெருகேற்றுவதில் ஒரு குறுக்கு வழி இருந்தது. பொத்தான் தொழிற்சாலைகளில், கடைந்த சரக்கை ஹைப்போகுளோரைட் கரைசலில் முக்கி எடுப்பார்கள். மேல்தோல் ஒரு நூலிழை கரைந்து, கடைசல் கோடுகள் மறைந்து, பளபளப்பு தானே வந்துவிடும். எபொனைட்டில் இந்த ஜம்பம் சாயாது. நானூறாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி இரண்டாயிரம் வரைக்கும், தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு தாளும் முந்தின தாளின் கீறலை அழித்ததா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்புறந்தான் பஞ்சுச் சக்கரத்தில் பிடிக்கலாம். சக்கரத்தில் அவசரப்பட்டு அழுத்தினால் சூடேறி, முகம் பொரிந்துவிடும். இப்படிப் பாடுபட்டு ஏற்றிய கருமெருகையும், மாதக்கணக்கில் வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தால், மேலே இருக்கும் கந்தகம் வெளிச்சத்தாலும் ஈரத்தாலும் மாறுதலடைந்து, பாசி பிடித்த பழுப்பாக்கிவிடுகிறது. அதை மீட்கலாமா, கூடாதா என்பதில் கட்சி கட்சியாக நிற்கிறார்கள். அந்தச் சண்டையோடுதான் மெருகுப் படலம் அடுத்த வாரம் ஆரம்பமாகும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர், தம்மிடம் தாத்தா காலத்து மான் கொம்பு இருக்கிறதென்றும், அதைப் பேனாவாகக் கடைந்து விற்கலாமா என்றும் எழுதியிருக்கிறார். கூடாது, ஸ்வாமி. தானே உதிர்ந்த கொம்பானாலும், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்துக்கு இடங்கொடுப்பதில்லை. எருமைக் கொம்புக்கு அந்தத் தடை இல்லை. உத்தரப் பிரதேசத்தில் சம்பல் என்ற ஊரில் கொம்பு வேலையே குலத்தொழிலாக நடக்கிறது. டில்லியிலிருந்து எட்டிவிடக்கூடிய தூரந்தான். போய்வந்தேனானால் எபொனைட் மெருகு இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும்.