மலையில் கை ட்ரெக்டர்: ஓட்டப் பழகுவதும் மாற்றியமைப்பதும்

எமது தோட்டங்களில் சில குடும்பங்கள் கை ட்ரெக்டர் வாங்கியிருக்கிறார்கள். இன்னும் சிலர் வாங்குகிற யோசனையில் இருக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ வேலையிலிருந்து நின்ற பிறகு கிடைத்த ஈ.பி.எப். காசில் ஒரு பகுதியைப் போட்டு, அல்லது இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து சீட்டுப் பிடித்து, ஏற்கெனவே ஓடிய பழைய மெஷினைத்தான் அநேகமாக வாங்குவது. ஆற்றோரத்து மரக்கறிக் காணியை உழ, விறகு ஏற்ற, உர மூட்டை கொண்டுவர, மிஞ்சிய நாளில் வாடகைக்கு விட என்று அதற்கு வேலை நிறைய உண்டு. நாமும் இதை வரவேற்கிறோம். ஆனால் விற்றவர் ஒரு பின்னேரம் காட்டிக் கொடுப்பதோடு படிப்பு முடிந்து விடுகிறது. அவர் காட்டிக் கொடுப்பது சமதரையில். நீங்கள் ஓட்டப் போவதோ மலையில். அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இதில் எழுதுகிறோம்.

இந்த மெஷினை வடக்கு, கிழக்குப் பக்கம் லேண்ட்மாஸ்டர் என்பார்கள். அது ஒரு கம்பனியின் பெயர். 1950களில் ரே விஜேவர்தன என்ற நமது நாட்டு பொறியியலாளர் வடிவமைக்க, இங்கிலாந்தில் அந்தக் கம்பனி செய்து விற்றது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஜப்பான், சீன மெஷின்கள். ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. எருமை கட்டி உழுத வயலுக்காக வந்த சாமான் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பது பெரிய வித்தையில்லை. முன்னால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின். அதன் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பெல்ட், கியர் பெட்டிக்கு சக்தியைக் கொண்டு போகிறது. கியர் பெட்டியிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும், பின்னால் மாட்டினால் ரொட்டவேட்டருக்கும் போகிறது. பெரிய கிளச்சை இழுத்தால் எல்லாம் நிற்கும். இரண்டு கைப்பிடிக்கும் கீழே சின்னதாக ஒவ்வொரு லீவர் இருக்கும். அவைதான் திருப்புகிற கிளச். மெஷினின் மொத்தப் பாரம், அளவைப் பொறுத்து, 300 முதல் 500 கிலோ வரை வரும். ஐந்தாறு ஆட்களின் பாரம் உங்கள் இரண்டு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும்போது கைக்கம்பியைப் பிடிக்கிற முறையைச் சின்னப் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள். பெருவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. ஐந்து விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். என்ஜின் திருப்பி உதைத்தால் கம்பி கையை விட்டு நழுவிப் போகும், பெருவிரல் முறியாது. இன்னொன்று: ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின் சில நேரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஸ்டார்ட் ஆகிவிடும். புகை சைலன்சரால் வராமல் காற்று வடிகட்டியால் வரும். அப்படி வந்தால் ஒரு நிமிஷம்கூட ஓட விடாமல் நிறுத்துங்கள். எதிராகச் சுற்றும்போது ஒயில் பம்ப் வேலை செய்யாது, உள்ளே எல்லாம் உரசிப் போய்விடும்.

இறக்கத்தில் கிளச் எதிராகத் திருப்பும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

சமதரையில் இடது பக்கம் திரும்ப இடது லீவரை இழுக்கிறோம். இடது சக்கரத்துக்கு என்ஜின் சக்தி அறுந்துவிடும். வலது சக்கரம் மட்டும் தள்ளிக்கொண்டு போகும். அதனால் மெஷின் இடது பக்கம் திரும்புகிறது. சரி. இப்போது பங்களா ரோட்டில் இறங்கி வருகிறீர்கள். இறக்கத்தில் என்ஜின் சக்கரத்தைத் தள்ளவில்லை, மாறாகப் பிடித்துத் தாங்கிக்கொண்டு வருகிறது. இங்கே இடது லீவரை இழுத்தால் என்ன நடக்கும்? இடது சக்கரம் பிடி விட்டுப் போய் சுதந்திரமாக முன்னே உருளும். வலது சக்கரத்தை என்ஜின் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் வலது பக்கம் திரும்பும். நீங்கள் மலைப் பக்கம் ஒதுங்க நினைத்து இழுத்தீர்கள், அது பள்ளத்துப் பக்கம் போகிறது. பயந்து இன்னும் இறுக்கி இழுப்பீர்கள், இன்னும் வேகமாகப் பள்ளத்துக்குப் போகும்.

எமக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படித்தான் ஆறு மூட்டை உரத்தோடு இறங்கி வந்து காணுக்குள் போனார். கால் முறிந்து மூன்று மாதம் வேலையில்லை. மெஷினில் கோளாறு என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இருக்கவில்லை. வயல் வேலை பழகிய ஒருவர்தான் அவருக்கு ஓட்டப் பழக்கியவர். அவருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது, ஏனென்றால் வயலில் இறக்கம் இல்லை.

இதில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ரோட்டு இறக்கமா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. என்ஜின் இழுக்கிறதா, தாங்குகிறதா என்பதுதான் கணக்கு. சின்ன இறக்கத்தில் மண் இளகி, ரொட்டவேட்டரும் ஓடிக்கொண்டிருந்தால் என்ஜின் இழுத்துக்கொண்டே இருக்கலாம். அப்போது கிளச் வழக்கம் போலத் திருப்பும். அதே இறக்கத்தில் வெறும் மெஷினாக வந்தால் எதிராகத் திருப்பும். பெட்டி மாட்டிப் பாரம் ஏற்றியிருந்தால் பாரம் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே காதைத் தீட்டுங்கள். என்ஜின் சத்தம் அமுங்கி உழைக்கிற மாதிரி இருந்தால் இழுக்கிறது. சத்தம் இலேசாகி, புகையும் குறைந்து, மெஷின் உங்களை முன்னே இழுத்தால் அது தாங்குகிறது.

ஆகவே இறக்கத்துக்கு நாம் சொல்லும் முறை இது. இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, சமதரையில் நின்று, முதலாம் கியருக்கு மாற்றுங்கள். எக்ஸலேட்டரைக் குறையுங்கள். இறங்கும்போது திருப்புகிற லீவர் இரண்டிலும் விரல் வைக்க வேண்டாம். கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்புங்கள், மெதுவாகப் போனால் அது முடியும். கைக்கு அடங்காத வளைவு என்றால் நிறுத்தி, கட்டை வைத்து, பிறகு பாருங்கள். நடு இறக்கத்தில் பெரிய கிளச்சை இழுக்காதீர்கள், நியூட்ரலுக்குப் போடாதீர்கள், கியர் மாற்றாதீர்கள். இந்த மூன்றில் எது செய்தாலும் அந்த அரை டன் பாரம் யாருக்கும் கட்டுப்படாமல் உருளும்.

பழகுவதற்குப் பிள்ளைகளின் விளையாட்டு மைதானம் போல ஒரு இடம் போதும். பாரம் இல்லாமல், பெட்டி இல்லாமல், நாலு குச்சி நட்டு எட்டுப் போடப் பழகுங்கள். ஒரு வாரம் கழித்து, விழுந்தாலும் ஒன்றும் ஆகாத சின்னச் சரிவில் வேண்டுமென்றே இடது லீவரை இழுத்துப் பாருங்கள். அது வலது பக்கம் போகிறதை ஒரு தரம் கண்ணால் கண்டால் ஆயுசுக்கும் மறக்காது.

பின்னால் போகும் போது

ரொட்டவேட்டர் உங்கள் காலுக்கு முன்னால்தான் சுற்றுகிறது. முன்னே போகும்வரை அது உங்களை விட்டுப் போகிறது. ரிவர்ஸில் போட்டால் அது உங்களை நோக்கி வருகிறது. பின்னால் ஒரு தேயிலை மரமோ மண் சுவரோ இருந்தால் ஒதுங்க இடம் கிடையாது. இதனால்தான் அநேகமான மெஷின்களில் ரொட்டவேட்டர் சுற்றும்போது ரிவர்ஸ் விழாதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். "மூலையில திருப்ப கஷ்டமா இருக்கு" என்று அந்தத் தடையைக் கழற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கழற்றிக் கொடுக்கிற பாஸ்மாரும் இருக்கிறார்கள். பழைய மெஷின் வாங்கும்போது முதலில் இதைச் சோதியுங்கள். ரொட்டவேட்டரைப் போட்டுக்கொண்டு ரிவர்ஸ் விழுகிறது என்றால், விலை பேசுவதற்கு முன் அதைச் சரி செய்து தரச் சொல்லுங்கள்.

பாத்தா போதும் என்று வெறுங்காலோடு உழுகிறவர்களும் இருக்கிறார்கள். பூட்ஸ் போடுங்கள். அக்காமார், அம்மாமார் கொழுந்து மலையிலிருந்து நேராகக் காணிக்கு வரும்போது இடுப்பில் படங்கு கட்டியிருப்பார்கள், தலையில் துண்டு இருக்கும். பெல்ட் ஓடும் பக்கம் அப்படியே குனிய வேண்டாம். படங்கைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

நமது பையன்கள் கைவேலைக்காரர்கள். ஒரு வெல்டிங் பாஸ் பக்கத்தில் இருந்தால் போதும், மெஷினைச் சும்மா விட மாட்டார்கள். அதில் நல்லதும் உண்டு. முதலில் செய்ய வேண்டியது பெல்ட்டுக்கு மூடி. பழைய மெஷினில் அது உடைந்து போயிருக்கும். லயத்துக் கூரையிலிருந்து கழற்றிய நல்ல தகரத் துண்டு ஒன்றே போதும். அடுத்தது சக்கர அகலம். பல மெஷின்களில் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் மாற்றிப் போட்டாலே அகலம் கூடும். டயரின் கோடு முன்பு பார்த்த திசையிலேயே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். சரிவில் அகலமாக இருந்தால் கவிழ்வது குறையும். லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் வரம்பு அணைக்கிற கலப்பை ஒன்றைப் பின்னால் மாட்டலாம். அதைக் கொல்லுப்பட்டறையில் செய்விக்கலாம், இரண்டு சிறகையும் கூட்டிக் குறைக்க முடிகிற மாதிரிச் செய்யச் சொல்லுங்கள்.

தண்ணீர் பம்ப் ஓட்ட விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு. என்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது, அதன் பெல்ட் சக்கரம் 4 அங்குலம், பம்பில் இருப்பது 5 அங்குலம் என்று வைப்போம். 2000ஐ 4ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 1600. பம்ப் அவ்வளவு சுற்றும். பம்பின் மேல் ஒட்டியிருக்கிற தகட்டில் எழுதிய அளவுக்கு இது மிஞ்சக் கூடாது. பெரிய சக்கரம் போட்டால் மெதுவாகும், சின்னது போட்டால் வேகமாகும். இதை விட்டுவிட்டு என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் ஸ்பிரிங்கை முறுக்குகிறவர்கள் சில மாதத்தில் என்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்.

பெட்டி விஷயத்தில் நாம் விட்டுக் கொடுக்க முடியாது. பெட்டிக்குத் தனியாக பிரேக் இருக்க வேண்டும். மெஷினையும் பெட்டியையும் கோர்க்கிற இடத்தில் கம்பித் துண்டையோ வளைத்த ஆணியையோ போடாமல் சரியான முளையாணியும் பூட்டும் போட்டு, கூடவே ஒரு சங்கிலியும் கட்டுங்கள். பாரத்தை முழுக்கப் பின்னால் ஏற்றினால் முன்பக்கம் தூக்கும், சக்கரம் நிலத்தைப் பிடிக்காது. நடுவிலும் கொஞ்சம் முன்னாலும் ஏற்றுங்கள். சக்கரத்துக்கு அடை வைக்க இரண்டு கட்டை எப்போதும் பெட்டியில் கிடக்கட்டும். வாங்குப் பலகை அடித்துத் திருவிழாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றிப் போவதை நிறுத்துங்கள். அவசரத்துக்கு வேறு வாகனம் இல்லாத டிவிஷன்கள் இருப்பது எமக்குத் தெரியும். அதற்கு வழி தேடுவது எம் போன்றவர்களின் வேலை. பெட்டியில் பிள்ளைகளை ஏற்றுவது அதற்கு வழியில்லை.

ரோட்டில் கொண்டு போக ஜீ 1 வகை சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். பதிவுப் புத்தகம் விற்பவர் பெயரிலேயே கிடக்க விடாமல் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி மண்ணைப் பற்றி. முள்ளுக் குத்திப் புரட்டிய காணியை விட ரொட்டவேட்டர் ஓட்டிய காணி பார்க்க அழகாக, மாவு போல இருக்கும். அந்த மாவுதான் மழை வந்ததும் ஓடையில் போகிறது. ஒவ்வொரு போகமும் அதே ஆழத்தில் ஓட்டினால் கீழே கட்டிப்பட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாலேயே ஓடும். மேலிருந்து கீழாக உழக் கூடாது. சரிவுக்குக் குறுக்காக உழுங்கள். குறுக்காகப் போக மெஷின் சாய்கிற அளவு சரிவு என்றால் அந்த இடம் மெஷினுக்குரியதல்ல, அங்கே முள்ளும் மண்வெட்டியும்தான். பெரிய மழைக்கு முந்திய நாட்களில் கடைசி உழவை ஓட்ட வேண்டாம். இந்த மெஷினை வடிவமைத்த ரே விஜேவர்தன பிற்காலத்தில் நைஜீரியாவில் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்து, மண்ணைக் கிண்டாமல் பயிர் செய்கிற முறையின் பக்கம் போனார். 2010இல் காலமாகும்வரை, மலைச் சரிவில் குறுக்கு வரிசையாகக் கிளிரிசிடியா நட்டு இடையில் பயிர் செய்யச் சொல்லி வந்தார். வேலிக்கு நடுவோமே, அந்த மரம்தான். தழை உரமாகும், வேர் மண்ணைப் பிடிக்கும், கவ்வாத்துப் பண்ணினால் விறகும் கிடைக்கும். காணியின் மேட்டுப் பக்கம் ஒரு வரிசை நட்டுப் பாருங்கள்.

இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கிய மெஷின் என்றால் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி மெஷினோடு வையுங்கள். யார் எத்தனை மணித்தியாலம் ஓட்டினார்கள், எவ்வளவு டீசல் போட்டார்கள், ஒயில் எப்போது மாற்றினார்கள் என்று எழுதுங்கள். சண்டை வருவது அநேகமாக ஒயில் காசில்தான். கொப்பியின் முதல் பக்கத்தில் என்ஜின் நம்பரையும் சேசி நம்பரையும் எழுதி, அதில் இன்னொரு பிரதியை வீட்டில் வையுங்கள். மெஷின் களவு போனால் பொலிசில் முதலில் கேட்பது அந்த இரண்டு நம்பரையும்தான்.