ரொசெட்டா (மென்பொருள்)

ரொசெட்டா என்பது ஒரு வகைச் செயலிக்காக உருவாக்கப்பட்ட மென்பொருளை வேறு வகைச் செயலி கொண்ட கணினியில் இயங்கச் செய்யும் மொழிமாற்று மென்பொருள் ஆகும். ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணினிகளுக்காக இப்பெயரில் இரு மென்பொருட்கள் வெளிவந்துள்ளன. முதலாவது 2006ஆம் ஆண்டிலும், ரொசெட்டா 2 எனப்படும் இரண்டாவது 2020ஆம் ஆண்டிலும் வெளியாயின. பெரும்பாலான பயன்பாட்டு மென்பொருட்களை இவை இயக்கின. எனினும் அலுவலகப் பிணையத்துடன் இணைக்கும் மெய்நிகர் தனியார் பிணைய (வி.பி.என்) மென்பொருட்கள் பலவற்றை இவற்றால் இயக்க இயலவில்லை.

எகிப்தில் 1799ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட ரொசெட்டாக் கல்லின் பெயரே இம்மென்பொருளுக்கு இடப்பட்டது. அக்கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்து வடிவங்களில் பொறிக்கப்பட்டுள்ளது.

வரலாறு

மாக் கணினிகள் 1994ஆம் ஆண்டில் மோட்டோரோலா 68000 குடும்பச் செயலிகளில் இருந்து பவர்பிசி செயலிகளுக்கு மாறத் தொடங்கின. அடுத்ததாக இன்டெல் செயலிகளுக்கு மாறப்போவதாக 2005 சூனில் ஸ்டீவ் ஜொப்ஸ் அறிவித்தார். முதல் இன்டெல் மாக் கணினிகள் 2006 சனவரியில் வெளிவந்தன. பழைய பவர்பிசி மென்பொருட்கள் அவற்றில் இயங்குவதற்காகவே ரொசெட்டா சேர்க்கப்பட்டது. இதன் அடிப்படைத் தொழினுட்பம் டிரான்சிட்டிவ் என்னும் நிறுவனத்தினுடையது. 2011ஆம் ஆண்டு வெளியான மாக் ஓஎஸ் எக்ஸ் 10.7 பதிப்பில் ரொசெட்டா நீக்கப்பட்டது.

ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 செயலி கொண்ட கணினிகள் 2020 நவம்பரில் வெளிவந்தபோது, இன்டெல் மென்பொருட்களை இயக்க ரொசெட்டா 2 வழங்கப்பட்டது.

செயற்படும் முறை

ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனக்கெனக் கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தின் கட்டளைகளை மற்றொரு குடும்பச் செயலி புரிந்துகொள்ளாது. முதல் ரொசெட்டா, மென்பொருள் இயங்கும்போதே கட்டளைகளைப் பகுதி பகுதியாக மொழிமாற்றியது. ரொசெட்டா 2 பெரும்பகுதியை மென்பொருள் நிறுவப்படும்போதோ முதன்முறை திறக்கப்படும்போதோ மாற்றிச் சேமித்துக்கொள்கிறது. இதனால் வேகம் கூடுகிறது.

வி.பி.என் மென்பொருட்களின் சிக்கல்

வி.பி.என் மென்பொருள், கணினியில் இருந்து வெளியேறும் தரவுப் பொதிகளை இடைமறித்து, மறையாக்கம் செய்து, அலுவலக வழங்கிக்கு அனுப்புகிறது. இதற்காகப் பல மென்பொருட்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனிக்குள் கருனி நீட்சி என்னும் துணைநிரலைச் செருகின. சிஸ்கோ நிறுவனத்தின் பழைய வி.பி.என் மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது.

ரொசெட்டா தனித்தனிப் பயன்பாடுகளை மட்டுமே மொழிமாற்றும். கருனியோ செயலியில் நேரடியாக இயங்குகிறது. அதனுள் செருகப்படும் நிரலும் அதே செயலிக்காக உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே, வி.பி.என் மென்பொருளின் சாளரம் திறந்தாலும் இணைப்பு ஏற்படாது. சொற்செயலியும் மின்னஞ்சலும் பழுதின்றி இயங்கும் கணினியில் இருந்தும் அலுவலகக் கோப்புகளை எட்ட முடியாத நிலை இவ்வாறே உண்டாயிற்று. புதிய செயலிக்கான பதிப்பைத் தயாரிப்பாளர் வெளியிடுவதே இதற்கு நேரடித் தீர்வாக இருந்தது.

மாற்று வழிகள்

இயங்குதளத்திலேயே உள்ள வி.பி.என் வசதி, அதன் புதிய செயலிக்கான பதிப்புடன் சேர்ந்தே வருவதால் இச்சிக்கலுக்கு உட்படுவதில்லை. 2009ஆம் ஆண்டின் மாக் ஓஎஸ் எக்ஸ் 10.6 பதிப்பில் சிஸ்கோ ஐபிசெக் வழங்கிகளுடன் இணையும் வசதி சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் மாக்ஓஎஸ் 10.15 பதிப்பு முதல், வி.பி.என் மென்பொருட்கள் கருனிக்கு வெளியே இயங்கும் அமைப்பு நீட்சிகளைப் பயன்படுத்த இயலும். எம்1 முதலான செயலிகளில் பிறர் உருவாக்கிய கருனி நீட்சியை ஏற்ற, பயனர் கணினியின் பாதுகாப்பு நிலையைக் குறைக்க வேண்டியுள்ளது.

ஆர்ம் செயலிகளில் இயங்கும் விண்டோசிலும் இதே வரம்பு உண்டு. இன்டெல் பயன்பாடுகள் அதில் இயங்கினாலும், கருனியில் இயங்கும் இயக்கிகள் ஆர்ம் செயலிக்கெனவே உருவாக்கப்பட வேண்டும்.

எதிர்காலம்

ரொசெட்டா 2 மாக்ஓஎஸ் 27 பதிப்பு வரை முழுமையாக வழங்கப்படும் என்றும், அதன்பின் சில பழைய விளையாட்டுகளுக்காக மட்டும் ஒரு பகுதி பேணப்படும் என்றும் ஆப்பிள் 2025ஆம் ஆண்டு அறிவித்தது.